ஐந்தில் ஏறியது, ஒன்பதில் ஏறவில்லை

அந்தத் திரை இன்னும் என் கண் முன்னால் அப்படியே நிற்கிறது. சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய பெட்டி. தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி: இந்த ப்ரோகிராமை எந்த பிராசசருக்காகக் கட்ட வேண்டும்? கீழே ஏழெட்டு வரிகள் கொள்ளும் அளவுக்கு வெள்ளை இடம். அவ்வளவு இடத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதற்கு முன்னால் டிக் போட ஒரு கட்டம். நான் டிக் போட்டேன், அடுத்த பக்கத்துக்குப் போனேன். ஒரு நொடி வேலை. இவ்வளவு இடம் விட்டிருக்கிறார்களே, மற்ற வரிகள் எங்கே என்று கேட்கத் தோன்றவில்லை. கையில் டீ இருந்தது, பக்கத்து மேசைக்காரி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள், நானும் சிரித்துக்கொண்டே அழுத்தினேன். யோசிக்காமல் நான் செய்த காரியங்கள் எத்தனையோ உண்டு. பெரும்பாலும் அவை என்னைத்தான் திரும்ப வந்து கடித்தன. இது மட்டும் பதினான்கு பெண்களைப் போய்க் கடித்தது.

சுனாமிக்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்தது இது. விருதுநகர் பக்கத்திலிருந்து வந்து, சென்னைக்குத் தெற்கே படூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இயங்கிய சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்து எனக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். கையில் பிடித்துக்கொண்டு குச்சியால் தொட்டு எழுதுகிற குட்டிக் கம்ப்யூட்டர்களுக்கு நாங்கள் ப்ரோகிராம் செய்து கொடுத்தோம். அப்போது அதைப் பையிலிருந்து எடுத்தால் பஸ்ஸில் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மற்றவர்கள் ப்ரோகிராம் எழுதுவார்கள். அதை மூட்டை கட்டி, கருவிகளில் ஏற்றக்கூடிய வடிவத்தில் சி.டி.யில் போட்டுக் கொடுப்பது என் வேலை. இதில் ஒரு சங்கடம் உண்டு. கருவிகள் வெளியே பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், உள்ளே வேலை செய்கிற மூளையாகிய பிராசசர் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறு. சேலை ஒன்றாக இருந்தாலும் ஜாக்கெட்டை அவரவர் அளவுக்குத்தானே தைக்க வேண்டும்? அப்படித்தான், ப்ரோகிராம் ஒன்றே என்றாலும் அதோடு போகும் துணைக் கோப்புகளை ஒவ்வொரு பிராசசருக்கும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். யார் யாருக்குச் சேர்க்கட்டும் என்று கேட்கிற பக்கம்தான் நான் மேலே சொன்னது.

அந்தப் பட்டியலில் மூன்று வரிகள் இருந்திருக்க வேண்டும். இல்லாமல் போனதற்குக் காரணம் நான்தான். எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கம்ப்யூட்டர்களில் இடம் குறைவு என்பதால், எந்த மென்பொருளைப் போட்டாலும் ‘உனக்கு என்னென்ன வேண்டும்’ என்று அது கேட்கிற இடத்தில் முதலில் எல்லா டிக்கையும் எடுத்துவிட வேண்டும். பிறகு, தவிர்க்கவே முடியாதவற்றுக்கு மட்டும் திரும்பப் போட வேண்டும். ‘டிக் குறைந்தால் இடம் நிறையும்’ என்று மேனேஜர் தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். யார் கம்ப்யூட்டரில் அதிக இடம் மிச்சம் என்று எங்களுக்குள் போட்டியே நடக்கும். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் பெங்களூருக்குப் போய்விட்டார். அவருடைய கம்ப்யூட்டரை அந்த வாரமே முழுக்க அழித்துச் சுத்தமாக்கி என்னிடம் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் நான் புதிதாகப் போட்டேன். அப்போது மூன்று பிராசசர்களின் பெயர் வந்தது. ஒன்று, எங்கள் மேசையில் சோதனைக்கு இருந்த கருவியினுடையது. மற்ற இரண்டையும் நான் கண்ணால் கண்டதில்லை. காணாததற்கு எதற்கு இடம் என்று இரண்டு டிக்கையும் எடுத்துவிட்டேன். அந்த மாதப் போட்டியில் எனக்குத்தான் முதலிடம்; எல்லோரும் கை தட்டினார்கள்.

அக்கா என்று நான் கூப்பிட்டவருக்கும் எனக்கும் உறவு எதுவும் கிடையாது. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரக் குப்பங்களில் வீடு வீடாகப் போய், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எடை பார்த்துப் பதிகிற வேலையை ஒரு தொண்டு நிறுவனம் செய்துவந்தது. அதற்குக் கள மேற்பார்வையாளர் அவர். வீடு செங்கல்பட்டில். காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸைப் பிடித்து மாமல்லபுரம் வந்து இறங்குவார். நாற்பது வயதைத் தாண்டியவர். தோளில் பெரிய ரெக்சின் பை. அதில் பிள்ளையை உட்கார வைத்துத் தூக்கிப் பிடிக்கிற துணியும் கொக்கித் தராசும் இருக்கும். எடை குறைந்த பிள்ளையின் தாயை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. “இன்னாடா, இளச்சிகினே போறே? உங்கம்மா இன்னா குடுத்தாலும் துப்புறியாமே?” என்று பிள்ளையைத்தான் அதட்டுவார். தாய் சிரித்துவிட்டு, பிறகு தானாகவே வீட்டு நிலைமையைச் சொல்லத் தொடங்கிவிடுவாள். என்னைப் பார்த்த முதல் நாளே “நாஸ்தா துன்னியா கண்ணு?” என்றுதான் கேட்டார். ஊரை விட்டு வந்து நான்கு மாதத்தில், சாப்பிட்டாயா என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அவரிடம் பதினான்கு பெண்கள் வேலை பார்த்தார்கள். எல்லோரும் குப்பத்துப் பெண்கள். பத்தாவது படித்தவர்கள் சிலர், எட்டோடு நின்றவர்கள் சிலர், மீன் கூடை சுமந்து பழகியவர்கள் பாதிப் பேர். ஆளுக்கு ஒரு கருவி. அவற்றில் ஒன்பது, வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வந்த பழையவை. ஐந்து மட்டும் புதிதாக வாங்கியவை. முதன்முதலில் கருவியைக் கொடுக்கும்போது நிறுவனத்தில் ஒருவர், மீன் விற்கிறவர்கள் கையில் இதைக் கொடுத்தால் ஒரு வாரம் தாங்குமா என்று கேட்டாராம். அக்கா விடவில்லை. “கெட்ட மீன் எது, நல்ல மீன் எதுன்னு தொட்டே சொல்ற கை சார் அது. உங்க பொட்டிய கீழ போட்டுடுமா?” என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகு ஒரு வருஷம் ஒரு கருவிக்கும் கீறல்கூட விழவில்லை. அந்தப் பெண்கள் பழைய சேலையைக் கிழித்து ஆளுக்கொரு உறை தைத்து வைத்திருந்தார்கள். ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. நிதி கொடுக்கிற அமைப்பின் அதிகாரி ஒரு வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மாமல்லபுரத்துக்கு நேரில் வருவதாக ஏற்பாடாயிற்று. இந்தப் பெண்கள் கருவியை வைத்து வேலை செய்வதை அவர் பார்ப்பார். திருப்தியாக இருந்தால் இன்னும் மூன்று வருஷம் வேலை இவர்களுக்கே. இல்லாவிட்டால் கருவிகளைப் பட்டதாரிகளிடம் கொடுத்துவிட்டு இவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமைக்காகத்தான் ப்ரோகிராமைப் புதுப்பித்தோம். அந்த வாரத் திங்கட்கிழமை நான் சிரித்துக்கொண்டே மூட்டை கட்டியதும் அதைத்தான்.

அன்று மதியமே அக்கா படூருக்கு வந்து சி.டி.யை வாங்கிப் போனார். கூடவே ஒரு தாளில் செய்முறை எழுதிக் கொடுத்திருந்தேன். முதலில் பழைய ப்ரோகிராமை நீக்கவும், பிறகு புதியதை ஏற்றவும். எங்கள் அலுவலகக் கருவியில் மூன்று தடவை போட்டுப் பார்த்தாகிவிட்டது, ஒரு பிரச்சினையும் வராது என்று அடித்துச் சொன்னேன். அது பொய் இல்லை. அந்த ஒரு கருவியில் பிரச்சினை வரவில்லைதான்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அக்கா போன் செய்தார். பதினான்கு பெண்களில் கொக்கிலமேட்டுக் குப்பத்துக்காரர் ஒருவர் கருவி விஷயத்தில் கைதேர்ந்தவர். மற்றவர்கள் எதிலாவது மாட்டிக்கொண்டால் அவரிடம்தான் கொண்டுபோவார்கள். மாமல்லபுரத்தில் அவர்களுடைய மையத்தில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர்; அதோடு இணைத்த ஸ்டாண்டில் கருவியை வைத்துத்தான் ஏற்ற வேண்டும். அதன் முன்னால் அவர் உட்கார்ந்து, நான் எழுதியபடியே, பதினான்கு கருவியிலும் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்றத் தொடங்கியிருக்கிறார். “கண்ணு, அஞ்சுல ஏறிச்சி, ஒன்பதுல ஏற மாட்டேங்குது. இங்கிலீஷ்ல ஒரு கட்டம் வருது, இரு படிக்கிறேன்” என்று சொல்லி, அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார். இந்த ப்ரோகிராம் இந்தக் கருவிக்கு உரியதல்ல என்பது அதன் பொருள். கருவியே வாய் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கிறது. ஐந்து, ஒன்பது என்று அக்கா கணக்கும் சொல்லிவிட்டார். இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன வேண்டும்? நான் சொன்னேன்: “நீங்க ஸ்டாண்டுல சரியா வச்சிருக்க மாட்டீங்கக்கா. எடுத்துட்டு மறுபடி வைக்கச் சொல்லுங்க.” சாயங்காலத்துக்குள் நான்கு தடவை போன் வந்தது. நான்கு தடவையும் அதையே சொன்னேன். நான்காவது தடவை கத்தினேன்.

புதன்கிழமை திருப்போரூர் வழியாக பஸ் பிடித்து நானே போனேன். சிற்பக்கூடங்கள் இருக்கும் தெருவில், பக்கத்துக் கட்டடத்து உளிச் சத்தத்துக்கு நடுவே ஒரு வாடகை வீட்டில் மையம். எல்லா ஜன்னலையும் அடைத்தும் கல்தூசி உள்ளே வரும். பதினான்கு பேரும் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்குப் போகவில்லை, என்னைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வந்துவிட்டார் என்பதுபோல ஒரு பார்வை. ஒன்பது கருவியையும் ஒவ்வொன்றாக வைத்தேன், எடுத்தேன், துடைத்தேன், அணைத்துப் போட்டேன். ஒன்பதிலும் அதே கட்டம். பழைய ப்ரோகிராமுக்காவது திரும்பிப் போகலாம் என்றால் அதன் மூட்டை பெங்களூர் போனவரின் கம்ப்யூட்டரில் இருந்தது. அதைத்தான் துடைத்து அழித்துவிட்டோமே. மதியம் ஒரு மணியாயிற்று. பசி, பயம், உளிச் சத்தம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் நிமிர்ந்து, எல்லோரும் கேட்கும்படி, “இதையெல்லாம் யாரு ஈரக் கையோட தொட்டது? உப்புத் தண்ணி உள்ள போயிருக்கு” என்றேன்.

கொக்கிலமேட்டுப் பெண் இரண்டு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டு முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். முப்பது வயதுப் பெண், பத்து வயது மகளுக்குத் தாய், பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் போல நின்றார். அக்கா மட்டும், “எங்க பொண்ணுங்க அப்டியெல்லாம் தொட மாட்டாங்க கண்ணு” என்று மெதுவாகச் சொன்னார். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. ஒன்பது கருவியையும் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொன்னேன். நான் வரும் வரைக்கும் யாரும் ஒரு விரல்கூட வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வழக்கமாக அந்தப் பெண்கள் வேலை முடித்துப் போகும்போது கருவிகளைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போவார்கள். அது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நினைவு வரவில்லை.

வியாழக்கிழமை காலை, வேறு வழி தெரியாமல், முந்தின நாள் ஒரு பழைய கருவியின் முதுகிலிருந்து குறித்துக்கொண்டு வந்த எழுத்துகளை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பிராசசரின் பெயரும் இருந்தது. எங்கேயோ பார்த்த பெயர். எங்கே என்று நினைவு வந்ததும் மூட்டை கட்டும் மென்பொருளைத் திறந்தேன். அதே பெட்டி, அதே ஒற்றை வரி. நான் டிக் எடுத்துவிட்ட இரண்டு பெயர்களில் ஒன்றுதான் இப்போது என் மேசையில் எழுதிக் கிடந்தது. ஈரமும் இல்லை, உப்பும் இல்லை. நான் ஏற்றாததை அந்தப் பெண்கள் எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் பீரோவைத் திறந்து சி.டி.க்களை எடுத்துக் கொடுத்தார், கத்தவில்லை. “சத்தமில்லாம சரி பண்ணிடு. நம்ம பக்கம் தப்புன்னு யார்கிட்டயும் சொல்ல வேண்டாம். உன் வேலையே இன்னும் கன்ஃபர்ம் ஆகலை, ஞாபகம் வச்சுக்கோ” என்றார். தலையாட்டினேன். விட்டுப்போன இரண்டையும் போட இடம் போதவில்லை. எந்த இடத்தை மிச்சம் பிடித்துக் கைதட்டு வாங்கினேனோ, அதையெல்லாம் இந்த நான்கு மாதத்தில் வேறு எதையோ போட்டு நிரப்பியிருந்தேன். ஒவ்வொன்றாக அழித்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மென்பொருள் மறுபடியும் அந்தக் கேள்வியைக் கேட்டது. இம்முறை மூன்று வரிகள். மூன்றுக்கும் டிக் போட்டேன். இவ்வளவுதான் மொத்த வைத்தியமும். புது சி.டி.யைக் கையில் வைத்துக்கொண்டு, கடவுளே தப்பித்தேன் என்று நினைத்தேன். அவர்கள் தப்பித்தார்கள் என்று நினைக்கவில்லை. தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கெல்லாம் மையத்தில் இருந்தேன். பதினான்கு பேரும் தலைவாரிப் பூ வைத்து, இருப்பதில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அக்கா அலமாரியைத் திறந்தார். முதல் கருவியின் பொத்தானை அழுத்தினேன், திரை எழவில்லை. இரண்டாவதும் எழவில்லை. ஒன்பதிலும் துளி சார்ஜ் இல்லை. செவ்வாயும் புதனும் மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்ததில் பாதி போயிருந்தது. மிச்சம் அலமாரியில் கிடந்தே இறங்கிவிட்டது. “நீ தொடக் கூடாதுன்னு சொன்னியே கண்ணு, அதான் ஆரும் கைய வெக்கல” என்றார் அக்கா. குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. சொன்னதைச் செய்திருக்கிறோம் என்று சொன்னார். அந்தக் கருவிகள் முழுக்க இறங்கிவிட்டால் அரைமணி நேரம் சார்ஜில் கிடந்த பிறகுதான் கண் விழிக்கும். விழித்ததும் எல்லாம் மறந்துபோய்ப் புதிதாகப் பிறந்ததுபோல இருக்கும். தேதியிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அமைக்க வேண்டும், அதற்கே ஒரு கருவிக்கு இருபது நிமிஷம் ஆகும். பிறகு ஒவ்வொன்றாக ஒரே கம்ப்யூட்டரில் வைத்து ஏற்ற வேண்டும். கொக்கிலமேட்டுப் பெண் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு உதவ அவரைவிட வேகமான கை அந்த வீட்டில் இல்லை. நான் கூப்பிடவில்லை, அவரும் கிட்டே வரவில்லை. பத்து மணிக்குள் இரண்டில்தான் ஏற்ற முடிந்தது. இரண்டும் தடையில்லாமல் ஏறின.

அதிகாரி சரியாகப் பத்து மணிக்கு வந்தார். எங்கள் மேனேஜரும் தன் காரில் வந்திறங்கினார். ஏழு பெண்கள் கருவியோடும் ஏழு பெண்கள் வெறுங்கையோடும் நின்றார்கள். இவர்களுடையது எங்கே என்று அதிகாரி பணிவாகத்தான் கேட்டார். மேனேஜர் முந்திக்கொண்டு ஆங்கிலத்தில் விளக்கினார். ப்ரோகிராம் தயார், சோதித்தாகிவிட்டது. கடற்கரை ஈரம், கையாள்வதில் பழக்கக் குறைவு, சார்ஜ் போடாமல் விட்டுவிட்டார்கள். என்னைக் கைகாட்டி, எங்கள் இன்ஜினியர் இரண்டு நாளாகப் போராடுகிறார் என்றும் சொன்னார். அக்காவுக்கு முழுதும் புரியாவிட்டாலும் பேச்சு எங்கே போகிறது என்பது புரிந்தது. என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லு கண்ணு. இன்னா ஆச்சின்னு நீயே சொல்லு.”

பதினான்கு பேரும் என்னைப் பார்த்தார்கள். தொண்டைக்குள் எல்லாம் தயாராக இருந்தது. நான் டிக் எடுத்துவிட்டேன், நான்தான் பூட்டச் சொன்னேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு வாக்கியத்தில் முடிந்திருக்கும். மேனேஜரின் முகத்தைப் பார்த்தேன். “பேட்டரி இறங்கிடுச்சு” என்றேன். அது உண்மை. இதுவரை நான் சொன்ன பொய்களில் மிகப் பெரியதும் அதுதான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று இரண்டும் ஒரே அறையில், ஐந்தடி இடைவெளியில் நின்றன. அக்கா என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் போய், கையில் கருவி இருந்த ஏழு பேரையாவது குப்பத்துக்குக் கூட்டிப்போய் வேலையைக் காட்டுகிறேன் என்று கேட்டுக்கொண்டார். கூட்டிப்போனார். அவர்கள் நன்றாகவே செய்தார்களாம். ஏழு பேர் நன்றாகச் செய்தது யாருக்கும் நினைவில் இல்லை.

ஒரு மாதத்தில் கருவிகள் கைமாறின. பட்டப்படிப்பு முடித்த இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் குப்பங்களுக்கு வந்தார்கள். பதினான்கு கருவியிலும் என் மூட்டை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதைப் பாராட்டி எனக்கு ஒரு கடிதம் வந்தது, வேலை நிரந்தரமாயிற்று. பதினான்கு பெண்களும் வீட்டுக்குப் போனார்கள். அக்காவை மட்டும் இருக்கச் சொன்னார்கள். அந்த மோட்டார் சைக்கிள் பையன்களை வைத்து வேலை வாங்க மாட்டேன் என்று அவரும் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் போன் செய்யவில்லை. செய்தால் நாஸ்தா தின்றாயா என்று கேட்பாரோ என்று பயமாக இருந்தது.

ஏழு வருஷம் கழித்து, போன மாதம், செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நான் பார்க்காததுபோல நகரத்தான் இருந்தேன். அவர்தான் தோளைத் தட்டினார். “இன்னா கண்ணு, அடையாளம் தெரியலயா?” தலை நரைத்திருந்தது. ஏதோ ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருப்பதாகச் சொன்னார். “அக்கா, அன்னைக்கு…” என்று ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

“அஞ்சுல ஏறிச்சி, ஒன்பதுல ஏறல. பதினாலயும் ஏத்துனது ஒரே கை. கையில ஈரம்னா அஞ்சுல மட்டும் எப்டி ஏறும்? இத்த தெரிஞ்சிக்க கம்ப்யூட்டரு படிக்கணுமா? அன்னிக்கே தெரியும் எனக்கு.”

“தெரிஞ்சும் ஏன்க்கா நீங்க சொல்லல?”

“நான் சொன்னா எவன் கேப்பான்? அதான் உன்ன பாத்தேன்.”

பஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. நான் மன்னிப்புக் கேட்டேன். பஸ் நிலையம் என்றும் பார்க்காமல் அழுதேன். அவர் என்னைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. கொக்கிலமேட்டுப் பெண்ணைப் பற்றிச் சொன்னார். “அவ பொண்ணு பன்னண்டாவது முடிச்சிட்டா. நல்ல மார்க்கு. கம்ப்யூட்டருதான் படிப்பேன்னு ஒத்த கால்ல நிக்கிது. இவ வாணவே வாணாம்னு சொல்லிகினு கீறா. நம்ம கைக்கு அது ஆவாதுடின்றா. நானும் சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்குறா. என்னாண்ட அழுது இன்னா ஆவப்போவுது? அவளாண்ட போய் சொல்லு. சுனாமிக்கு அப்றம் வூடு கட்டிக் குடுத்தாங்க பாரு, அங்கதான் கீது. ஆர கேட்டாலும் காட்டுவாங்க.” ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் போகிறேன் என்று சொன்னேன். அவர் பஸ் ஏறிவிட்டார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வரை போனேன். இறங்கி ஒரு டீ குடித்தேன். சிற்பக்கூடத் தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். உளிச் சத்தம் கேட்டதும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இரண்டாவது ஞாயிறு வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டேன். அவர்கள் பதினொரு மணிக்கே கிளம்பிவிட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். மூன்றாவது ஞாயிறு கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். கொக்கிலமேட்டுப் பெண் திட்டுவார் என்று எனக்குப் பயமில்லை. ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டுவிட்டு, பதிலுக்காகப் பொறுமையாக நின்றுகொண்டிருப்பாரே, அதற்குத்தான் பயம். வேலை போய்விடும் என்று பயந்தேன் என்பதை, வேலை போன ஒருவரிடம் எந்த வாயால் சொல்வது?

கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கிவிட்டது. உங்கள் கையில் தப்பே இல்லை, பெண்ணைப் படிக்க வையுங்கள் என்று சொன்னால் போதும். முன்பின் தெரியாத உங்களிடமெல்லாம் இவ்வளவையும் சொல்லிவிட்டேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.